தூண்டிலுக்கும் வீச்சு வலைக்கும் ஈயக் குண்டு வார்ப்பது: முழுமையான வழிகாட்டி

கடலூர் பக்கத்துத் தாழங்குடா முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு பலமாக இருக்கும் நாளில் 60 கிராம் குண்டைப் போட்டால், அது கரையோரமாகவே உருண்டு திரும்பி வந்துவிடும். 150 கிராமாவது வேண்டும். புதுச்சேரி கடற்கரையின் கருங்கல் குவியலில் தூண்டில் போடுகிறவர்களுக்குக் கவலை வேறு. ஒரே காலையில் நாலைந்து குண்டு கல் இடுக்கில் மாட்டி அறுந்துபோகும். இப்படிப் பறிகொடுக்கிறவர்கள் கொஞ்ச நாளில் தாங்களே வார்க்கலாம் என்ற முடிவுக்கு வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அதன்பிறகு என் வீட்டுக் கொல்லையில் வார்க்கக் கற்றுக்கொண்ட தம்பிமார் பலர். அவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்த வரிசை அமைந்தது. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் எடையும் வடிவமும்

அடுப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் உங்கள் தூண்டில் கோலில், அதாவது ராடில், அச்சடித்திருக்கும் எடை எண்ணைப் பாருங்கள். 100 முதல் 150 கிராம் என்று போட்டிருந்தால், குண்டும் இரையும் சேர்ந்து அதற்குள் இருக்க வேண்டும். 200 கிராம் குண்டு ஆசைக்கு நன்றாக இருக்கும், வீசும்போது ராடு முறியும்.

உருண்டைக் குண்டு மணலில் நிற்காது, உருளும். நாலு பக்கக் கூம்பு மணலைக் கவ்வி நிற்கும். நீளமான, இரு முனையும் மெலிந்த குண்டு தூரம் போகும். மணலும் நீரோட்டமும் உள்ள இடத்துக்குக் கூம்பு, கல் உள்ள இடத்துக்கு நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். வீச்சு வலைக்கு வேண்டியது நடுவில் துளை உள்ள சிறு மணிகள். அதன் கணக்கே தனி, 9-வது பகுதியில் வருகிறது.

ஈயம் எதற்கு, இரும்பு போதாதா என்று கேட்பார்கள். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம், இரும்பு 7.87 கிராம். கடல் நீருக்குள் இறங்கியதும் ஈயம் தன் எடையில் ஏறக்குறைய 9 சதவீதத்தை இழக்கும், இரும்பு 13 சதவீதத்தை, சிமென்ட் உருண்டையானால் 40-க்கும் மேல். சின்ன உடம்பில் பெரிய எடை கிடைப்பதால்தான் ஈயம் காற்றையும் நீரையும் கிழித்துக்கொண்டு போகிறது.

2. நாளும் இடமும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வார்ப்பு வேலையை நினைக்கவே வேண்டாம். எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வலை சீர் செய்யும் வேலை நடக்கும், வெயிலும் கொளுத்தும். வார்ப்புக்கு அதுதான் சரியான காலம்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி, கடல்காற்று எழும்பும் முன் முடித்துவிடுங்கள். காற்று வீசினால் தீ அலைபாயும், அச்சின் ஒரு பக்கம் குளிர்ந்து குண்டு பாதியில் நின்றுவிடும். விடியற்காலையும் சரிப்படாது. இரவு வெளியே கிடந்த சாமான் எல்லாவற்றிலும் பனி ஈரம் இருக்கும்.

திறந்த வெளி வேண்டும், தலைக்கு மேலே கீற்றுக் கொட்டகை இருக்கக் கூடாது. தரை காய்ந்த மண்ணாக இருந்தால் நல்லது. சிமென்ட் தரையில் உருகிய ஈயம் சிந்தினால், உள்ளே ஊறியிருக்கும் ஈரம் கொதித்துச் சில்லு தெறிக்கும். சமையலறையில் செய்யவே கூடாது, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது.

3. தண்ணீர் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு பிறகு தொடங்குங்கள்

கருவி வாங்குவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். நாம் ஊற்றுவது 350-லிருந்து 400 டிகிரிக்குள். தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. நெற்றி வியர்வை ஒரு சொட்டு ஈயத்தின் மேலே விழுந்தால் 'சுர்' என்று போய்விடும். அதே சொட்டு ஈயத்துக்கு அடியில் அகப்பட்டால், தனக்கு மேலே இருக்கும் ஈயம் மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வெளியே வரும்.

பழைய வலைக் குண்டுகளில்தான் இந்த ஆபத்து அதிகம். துளைக்குள் அறுந்த கயிற்றுத் துண்டு இருக்கும், அந்தக் கயிற்றில் உப்பு நீர் ஊறியிருக்கும். வெளியே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும்.

ஒருமுறை உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு பை நிறையப் பழைய குண்டு கொண்டுவந்தான். பளபளவென்று இருந்தன. சட்டியில் ஈயம் உருகி நின்றது. நான் திரும்பிக் கரண்டியை எடுப்பதற்குள் இரண்டைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டான். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். சட்டியில் இருந்ததில் கால்வாசி வெளியே. பக்கத்துத் தென்னை மரத்தில் ஆள் உயரத்தில் ஈயச் சொட்டுகள் வெள்ளிப் பொட்டு மாதிரி ஒட்டியிருந்தன. நல்லவேளை, அவன் குனிந்து பார்க்கவில்லை. "என்னடா, ஈரமா?" என்று கேட்டேன். "அண்ணே, அழுக்கா இருந்துச்சுன்னு இப்பதான் கழுவித் துடைச்சு எடுத்துட்டு வந்தேன்" என்றான்.

ஈயத்தைக் கழுவவே கழுவாதீர்கள். அழுக்கு கசடோடு மேலே வந்துவிடும். உருகிய ஈயத்தில் புதிதாக ஈயமோ குண்டோ போடுவதும் கூடாது. போட வேண்டியதை எல்லாம் குளிர்ந்த சட்டியிலேயே போட்டு, பிறகுதான் தீ மூட்ட வேண்டும். அப்போது ஈரம் எங்கே ஒளிந்திருந்தாலும், ஈயம் உருகும் முன்பே ஆவியாகிப் போய்விடும்.

4. ஈயம் தேடுவதும் தரம் பிரிப்பதும்

பழைய இரும்புக் கடையில் கேட்டால் கிடைக்கும். பழைய தொலைபேசிக் கேபிளின் ஈய உறை, பழைய ஈயக் குழாய், கிழிந்த வலையில் அறுத்தெடுத்த குண்டு ஆகியவை நல்ல மெத்தென்ற ஈயம். நகத்தால் கீறினால் கோடு விழும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு வரும்.

கார் சக்கரத்தில் அடிக்கும் எடைக் கட்டிகளும் கிடைக்கும். அவற்றில் இரும்பு, துத்தநாகம், ஈயம் மூன்றும் கலந்திருக்கும். இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். துத்தநாகத்தைக் கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள். ஈயம் வெண்ணெய் மாதிரி கடிபடும், துத்தநாகம் வழுக்கிக்கொண்டு நிற்கும். துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில்தான். தீயை அடக்கி வைத்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். தீ எகிறி அதுவும் கரைந்துவிட்டால், மொத்த ஈயமும் கூழ் மாதிரி கெட்டியாகி அச்சுக்குள் ஓட மறுக்கும்.

பேட்டரியைத் தொடாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. அந்தத் தகடுகளில் ஊறியிருப்பது கந்தக அமிலம், பாதி ஈயமே அல்ல, ஈயத்தின் உப்பும் துருவும். ஆண்டிமனியும் ஆர்செனிக்கும் கலந்திருக்கலாம். அதன் கசடில் ஈரம் பட்டால் கிளம்பும் வாயு கொல்லக்கூடியது. பழைய பேட்டரியைச் சேகரிப்பவரிடமோ, புதுப்பிப்பவரிடமோ, மறுசுழற்சியாளரிடமோதான் கொடுக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன.

5. கையில் இருக்க வேண்டியவை

தட்டையான அடிப்பாகம் உள்ள கனமான இரும்புச் சட்டி. அலுமினியம் வேண்டாம், தீ அதிகமானால் அடி தளர்ந்து மொத்தமும் காலில் கொட்டும். துத்தநாகம் பூசிய வாளியும் பற்றீயம் (சால்டர்) வைத்து ஒட்டிய டின்னும் அதேபோலத்தான், ஒன்று துத்தநாகத்தைக் கலக்கும், மற்றது பற்று விட்டுப் பிரியும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 5 கிலோ ஈயம் உருகினால் அரை லிட்டர்கூட வராது. சட்டியின் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறதே என்று ஒற்றைக் கையால் தூக்கப் போவார்கள். சட்டியைத் தூக்கவே கூடாது, கரண்டியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். அடுப்பின் கால்களும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். ஆடாத மூன்று கல் அடுப்பு, ஆடும் இரும்பு ஸ்டாண்டைவிட மேல்.

நீளக் கைப்பிடி உள்ள இரும்புக் கரண்டி இரண்டு வேண்டும், ஒன்று ஊற்ற, இன்னொன்று கசடு எடுக்க. அப்புறம் பழைய இரும்புப் பணியாரச் சட்டி ஒன்று, எதற்கு என்று பிறகு சொல்கிறேன். இவற்றின் கைப்பிடியில் எல்லாம் சிவப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஒருமுறை ஈயம் பட்ட பாத்திரம் திரும்பவும் சமையலுக்குப் போகக் கூடாது, வீட்டில் யாரும் தெரியாமல் எடுத்துவிடவும் கூடாது.

உடம்புக்கு முழுக்கை பருத்திச் சட்டை, கனமான பேண்ட், மூடிய தோல் ஷூ, வெல்டிங் கையுறை, கண்ணாடி. லுங்கியும் ரப்பர் செருப்புமாக வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நைலான் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பேண்ட் ஷூவுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் சிந்தும் சொட்டு நேராகக் காலுக்குள் போகும். நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். தீ அணைக்கக் காய்ந்த மணல் பக்கத்தில் இருக்கட்டும். தீக்காயத்துக்கான தண்ணீர் பத்தடி தள்ளி இருக்கட்டும்.

6. முதல் உருக்கல்: சுத்தம் செய்ய மட்டும்

எல்லோரும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும் படி இது. அழுக்கு ஈயத்தை உருக்கி அதே சூட்டில் அச்சில் ஊற்றினால், குண்டுக்குள் மணலும் கசடும் பொத்தலுமாக இருக்கும், எடையும் ஒன்றுக்கொன்று ஒத்து வராது. ஆகவே ஒரு நாள் சுத்தம், இன்னொரு நாள் வார்ப்பு.

ஈயம் முழுவதையும் குளிர்ந்த சட்டியில் போட்டுச் சிறு தீயில் ஏற்றுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும். கயிறும் எண்ணெயும் எரிந்து புகையும், அந்தப் புகையை மூச்சில் இழுக்க வேண்டாம். உருகியதும் மேலே சாம்பல் நிற ஆடை படரும். அதை அப்படியே வழித்து எறிவது தவறு, அதில் நல்ல உலோகமும் கலந்திருக்கிறது. பட்டாணி அளவு மெழுகுத் துண்டைப் போடுங்கள். குப்பென்று பற்றும், முகத்தைத் தள்ளி வையுங்கள். காய்ந்த இரும்புக் கரண்டியால் அடியையும் ஓரத்தையும் சுரண்டிக் கிளறினால் நல்ல உலோகம் கீழே திரும்பும், அழுக்கு மட்டும் பொடியாக மேலே நிற்கும். அந்தப் பொடியை எடுத்து மூடியுள்ள டின்னில் போடுங்கள். மெழுகு மாதிரியே காய்ந்த மரத்தூளும் வேலை செய்யும்.

சுத்தமானதைப் பணியாரச் சட்டியில் ஊற்றுங்கள். ஊற்றும் முன் அந்தச் சட்டியை அடுப்பில் வைத்து நன்றாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், குழியில் ஈரம் இருந்தால் 3-வது பகுதியில் சொன்ன கதைதான். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் ஈயப் பணியாரம் உருண்டு விழும். குழியைப் பொறுத்து ஒன்று கால் கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். இவற்றைக் காய்ந்த டப்பாவில் வைத்தால் எத்தனை வருடமானாலும் கெடாது.

7. அச்சு

லேத் பட்டறையில் இரண்டு பாதியாகக் கடைந்த அலுமினிய அச்சு நீண்ட நாள் உழைக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவு என்று பலர் அதில் தொடங்குகிறார்கள். வெயிலில் காய வைத்தாலும் அதற்குள் கட்டுண்ட நீர் போவதில்லை, ஈயத்தின் சூட்டில்தான் அது வெளியே வரும். கடற்கரை ஈர மணலில் குழி போட்டு ஊற்றுவதும் வேண்டாம்.

அச்சுக்கு இப்போது செலவு செய்ய மனமில்லை என்றால் எவர்சில்வர் குழிக்கரண்டி போதும். சூடாக்கி, அதில் ஈயத்தை ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்து, ஓரத்தில் துளை போட்டால் தட்டைக் குண்டு தயார். மணலில் அழகாகப் படிந்து நிற்கும். நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

அச்சில் எத்தனை கிராம் பிடிக்கும் என்று பார்க்கத் தண்ணீரை ஊற்றாதீர்கள். மெழுகை உருக்கி ஊற்றி எடுத்து எடை போடுங்கள். அதைப்போல 12 முதல் 13 மடங்கு ஈயம் பிடிக்கும். 12 கிராம் மெழுகு வந்தால் குண்டு 150 கிராம் வரும்.

ஊற்றும் முன் அச்சின் உட்புறத்தை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி மெல்லிய கரி பூச வேண்டும். ஈயம் ஒட்டாமல் வழுக்கி ஓட இதுவே போதும். சிலர் எண்ணெய் தடவுகிறார்கள், அது புகைந்து பொத்தல் விடும்.

8. கண்ணிக் கம்பி

தூண்டில் நரம்பைக் கட்டும் கண்ணிக்குத் துருப்பிடிக்காத எவர்சில்வர் கம்பி அல்லது பித்தளைக் கம்பி எடுங்கள். கட்டுக் கம்பி உப்பு நீரில் ஒரு மாதம் தாங்காது, பெரிய பாறை மீன் இழுக்கும் நேரம் பார்த்துத்தான் அறும். கம்பியை மடித்து மேலே கண்ணி விட்டு, உள்ளே போகும் இரண்டு காலையும் வெளிப்புறமாக வளைத்துவிடுங்கள். நேராக விட்டால் ஈயத்திலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். அச்சில் பொருத்தும் முன் கம்பியையும் சட்டியின் ஓரத்தில் வைத்துச் சூடாக்குங்கள்.

9. ஊற்றுவது

சட்டியில் பணியாரங்களை அடுக்கித் தீ மூட்டுங்கள். பழைய பற்றீயம் இருந்தால் தீ மூட்டும் முன்பே கிலோவுக்குப் பத்து இருபது கிராம் சேருங்கள். அதில் இருக்கும் வெள்ளீயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓட வைக்கும்.

சூடு பார்க்க என்னிடம் உள்ள கருவி தென்னை ஈர்க்குச்சி. காய்ந்த ஈர்க்கை ஈயத்தில் தொட்டு மூன்று எண்ணி எடுத்தால் பழுப்பாக வேண்டும். நிறமே மாறவில்லை என்றால் சூடு போதாது. உடனே கருகிப் புகைந்தால் அதிகம். ஈயத்தின் மேல் நீலமும் ஊதாவும் மினுங்கினாலும் அதிகம், தீயைக் குறையுங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியை நம்பாதீர்கள். பளபளப்பான ஈயப் பரப்பில் அது உள்ளதைவிட ரொம்பக் குறைத்துக் காட்டும்.

அச்சை மூடிக் கவ்வியால் இறுக்கி, அடுப்பு ஓரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். கரண்டியையும் ஈயத்துக்குள் முக்கும் முன் தீயில் காட்டுங்கள். ஈரக் கரண்டியால் நேர்ந்த விபத்து, ஈரக் குண்டால் நேர்ந்ததற்குக் குறைந்ததல்ல.

அள்ளி, ஒரே மூச்சில், நிறுத்தாமல் ஊற்றுங்கள். பாதியில் தயங்கினால் அந்த இடத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்து வரி விழும். வாய் நிரம்பிய பிறகும் மேலே கொஞ்சம் குமித்து நிற்கட்டும். ஈயம் உறையும்போது மூன்றரை சதவீதம்போலச் சுருங்கும், அந்தக் குறையை மேலே இருக்கும் குமிதான் கீழே இறங்கி நிரப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் கம்பியைச் சுற்றிக் குழி விழும், அங்கேதான் பிடிப்பும் போகும்.

மேலே இருந்த பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறமானதும் முப்பது எண்ணிவிட்டுத் திறக்கலாம். 200 கிராம் குண்டானால் ஒரு நிமிடம். அவசரப்பட்டால் உள்ளே இன்னும் உருகியிருக்கும் ஈயம் வழியும். எடுத்த குண்டைக் காய்ந்த பழந்துணியில் போடுங்கள், தண்ணீரில் முக்க வேண்டாம்.

முதல் நாலைந்து குண்டு அழகாக வராது. அச்சு இன்னும் சூடேறவில்லை, அவ்வளவுதான். அவற்றை ஒதுக்கி வைத்து அடுத்த தடவை குளிர்ந்த சட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

வீச்சு வலை மணிக்கு, அச்சின் நடுவில் கரி பூசிய வழவழப்பான எஃகு ஆணியை நிறுத்தி ஊற்றி, சூடாக இருக்கும்போதே திருகி உருவிவிட வேண்டும். ஆறினால் இறுகிவிடும். மணிகளின் எடை ஒன்றுக்கொன்று ஒத்திருப்பது இங்கே முக்கியம். ஒரு பக்கம் கனத்தால் வலை வட்டமாக விரியாமல் சாய்ந்து விழும்.

10. குண்டைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

தோல் சுருங்கிய மாதிரி வரிகள் இருந்தால் அச்சோ ஈயமோ சூடு போதவில்லை. பனி படர்ந்த மாதிரி வெள்ளை மங்கல் இருந்தால் அச்சு அதிகம் சூடேறிவிட்டது, இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். எடைக்குக் கெடுதல் இல்லை. ஓரத்தில் இதழ் மாதிரி மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருந்தால் அச்சு சரியாக மூடவில்லை, இடையில் ஈயத் துணுக்கு மாட்டியிருக்கும். கூம்பின் முனை நிரம்பவே இல்லை என்றால் உள்ளே அகப்பட்ட காற்றுக்குப் போக வழியில்லை. அச்சுப் பாதிகள் சேரும் இடத்தில் முனையிலிருந்து வெளியே ஒரு மெல்லிய கீறல் போட்டுவிடுங்கள்.

தூண்டில் குண்டின் எடையில் 5 கிராம் முன்பின் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மீனுக்குத் தெரியாது.

11. சீர் செய்வது

ஊற்று வாயில் மிஞ்சிய குமியைக் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். அரம் போட்டால் ஈயத் தூள் பறக்கும், அதுதான் மூச்சிலும் கையிலும் போகும். கத்தியால் சீவினால் சுருளாக விழும், பொறுக்கிவிடலாம். துளை போட்டீர்களானால் அதன் விளிம்பைக் கட்டாயம் வழவழப்பாக்குங்கள். கூரான விளிம்பு தூண்டில் நரம்பை அறுத்துவிடும். மேலே பெயிண்ட் அடித்தால் கை கறுக்காது, ஈயமும் விரலில் ஒட்டாது.

12. வேலை முடிந்த பிறகு

சட்டியில் மிச்சம் இருக்கும் ஈயத்தைப் பணியாரச் சட்டியில் ஊற்றிக் காலி செய்யுங்கள். அப்படியே உறைய விட்டால் அடுத்த முறை அடி முதலில் உருகி விரிந்து, மேல் ஓட்டைப் பிளந்துகொண்டு பீச்சும்.

ஊற்றும் சூட்டில் ஈயம் பெரிதாக ஆவியாகாது. ஆபத்து கசடுப் பொடியிலும் கையில் ஒட்டும் கறுப்பிலும்தான், அது வாய் வழியாக உள்ளே போகிறது. வேலைக்கு நடுவே பீடி, டீ, வெற்றிலை எதுவும் வேண்டாம். குழந்தையின் மூளையைத்தான் ஈயம் முதலில் பிடிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவு கிடையாது. அதனால் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். அடிக்கடி வார்க்கிறவர்கள் ரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது. காரணம் தெரியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு என்றால் மருத்துவரிடம் ஈய வேலை செய்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கசடு டின்னைச் சாக்கடையிலோ கொல்லையிலோ கொட்டாமல் மூடி வைத்து, ஈயம் வாங்கும் பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேருங்கள். தரையைப் பெருக்காதீர்கள், தூசி எழும். ஈயமெல்லாம் ஆறி அடங்கிய பிறகு ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், அன்றைக்குத் தண்ணீர் உள்ளே வரலாம் என்று நான் விடும் முதல் நேரம் அதுதான். சட்டையையும் பேண்டையும் வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊற வையுங்கள். நகக்கண்ணைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தலைக்குக் குளித்துவிட்டு, அதன்பிறகு பிள்ளையைத் தூக்குங்கள்.